கெய்சர் சுடல, பிளக் உருகுது, மீட்டர்ல '1' நிக்குது: ஓம், வாட்ஸ் கணக்கு எங்க இடிக்குதுன்னு பாக்கலாம் வாங்க

மார்கழி பொறந்தா பெரம்பூர்ல எங்க தெருவுல எனக்கு வர்ற மொத போன் கெய்சர் போன்தான். போன வருஷம் மாடி வீட்டு அக்கா கூப்பிட்டு, "தம்பி, பெட்டி மேல 2000 வாட்ஸ்னு போட்டிருக்கு, எங்க பையன் மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்ப்ஸ், ஓம் அளக்கற சின்ன மீட்டர்) வச்சு கணக்கு போட்டா 1300 கூட வரலன்றான், நம்மள ஏமாத்திட்டாங்களா?"ன்னாங்க. போய் பாத்தேன். பையன் போட்ட கணக்கு கரெக்ட், மீட்டர் கரெக்ட், கெய்சரும் கரெக்ட். ஆனா விடை இடிக்குது. இந்த மாதிரி இடிக்கற கேஸ் நெறைய பாத்தாச்சு, ஐடிஐல எலக்ட்ரீஷியன் டிரேடு முடிச்சதுலேர்ந்து இதான் பொழப்பு, அதனால எந்த அறிகுறிக்கு எங்க தேடணும்னு ஒரு தடவ எழுதி வச்சுடறேன்.

கணக்கு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. வோல்ட்னா கரண்ட தள்ளற அழுத்தம், ஆம்ப்ஸ்னா ஓடற கரண்டோட அளவு, ஓம்னா அந்த கரண்டுக்கு இருக்கற தடை, வாட்ஸ்னா பொருள் இழுக்கற பவர். வோல்ட்ட ஆம்ப்ஸால வகுத்தா ஓம். வோல்ட்டயும் ஆம்ப்ஸயும் பெருக்குனா வாட்ஸ். ஆம்ப்ஸ் தெரியலன்னா வோல்ட்ட வோல்ட்டாலயே பெருக்கி ஓமால வகுங்க, வோல்ட் தெரியலன்னா ஆம்ப்ஸ ஆம்ப்ஸாலயே பெருக்கி ஓமால பெருக்குங்க, ரெண்டுலயும் வர்றது வாட்ஸ்தான். ஜார்ஜ் ஓம்னு ஒரு ஜெர்மன் வாத்தியார் 1827ல புக்கு போட்டு சொன்ன விஷயம், இன்னிக்கு வரைக்கும் ஹீட்டர் காயில் அதுக்கு கட்டுப்பட்டுதான் நடக்குது. அதனால விடை இடிச்சா ஃபார்முலாவ சந்தேகப்படாதீங்க, உள்ள போட்ட நம்பர சந்தேகப்படுங்க. முக்காவாசி நேரம் என்ன நடக்குதுன்னா வோல்ட்ட சும்மா இருக்கற பிளக் பாயின்ட்ல அளந்திருப்பாங்க, ஆம்ப்ஸ பொருள் ஓடும்போது எடுத்திருப்பாங்க, ஓம அது ஆறிப்போய் கெடக்கும்போது எடுத்திருப்பாங்க, மூணையும் ஒரே கணக்குல போட்டு விடை வரலன்னு உக்காந்திருப்பாங்க.

மீட்டர கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஓம் அளக்கணும்னா பிளக்க புடுங்கிருக்கணும், சுவிட்ச ஆஃப் பண்ணா மட்டும் போதாது. ஓடற லைன்ல வோல்ட் பாக்க பயமா இருந்தா பாக்காதீங்க, எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க, அதுல ஒண்ணும் கௌரவக் கொறச்சல் இல்ல.

"2000 வாட்ஸ் கெய்சர், ஆனா கணக்குல 1300தான் வருது, தண்ணியும் லேட்டா சுடுது"

அக்கா வீட்டு கேஸ் இதான். பெட்டில 230 வோல்ட், 2000 வாட்ஸ்னு இருந்தா காயிலோட ஓம் என்ன? 230ஐ 230ஆல பெருக்கி 2000ஆல வகுத்தா 26.45. பிளக்க புடுங்கிட்டு பிளக்கோட ரெண்டு சின்ன பின்னுல மீட்டர வச்சேன் (கெய்சர்ல சுவிட்ச் இருந்தா ஆன்ல இருக்கணும், தண்ணியும் ஆறியிருக்கணும், இல்லன்னா தெர்மோஸ்டாட் கட் ஆகி காயிலே இல்லாத மாதிரி காட்டும்), 26.8 காட்டுச்சு. மீட்டர் வயரே அரை ஓம் கிட்ட காட்டும், அத கழிச்சா சரியா வந்துருது. அப்ப காயில் நல்லாருக்கு.

அப்புறம் கெய்சர ஓட விட்டுட்டு பக்கத்து பாயின்ட்ல வோல்ட் பாத்தா 184! காலைல ஆறரை மணி, அப்பார்ட்மென்ட் முழுக்க கெய்சர், மோட்டார் எல்லாம் ஒண்ணா ஓடற நேரம். 184ஐ 26.45ஆல வகுத்தா 6.96 ஆம்ப்ஸ், அத 184ஆல பெருக்குனா 1280 வாட்ஸ். பையன் சொன்ன நம்பர் இதான். வோல்ட்டேஜ் அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சா வாட்ஸும் அஞ்சுல ஒரு பங்குதான் கொறயும்னு எல்லாரும் நெனக்கறாங்க, அப்படி இல்ல, வோல்ட் கொறஞ்சதால ஆம்ப்ஸும் சேந்து கொறயுது, ரெண்டையும் பெருக்கும்போது 20 சதவீத அடி 36 சதவீத அடியா விழுது. 15 லிட்டர் தண்ணிய 25 டிகிரிலேர்ந்து 50க்கு கொண்டு வர 2000 வாட்ஸ்ல சுமார் 13 நிமிஷம், 1280ல 20 நிமிஷம். அக்காக்கு புரிஞ்சது அந்த 7 நிமிஷம்தான், வாட்ஸ் எல்லாம் அவங்களுக்கு எதுக்கு.

இதுல அடுத்த கேள்வி கண்டிப்பா வரும், "அப்ப கரண்ட் பில்லு ஏறுமா?" ஏறாது. மெதுவா சுடுது, அவ்ளோதான், ரெண்டு வழிலயும் அந்த 15 லிட்டருக்கு அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் கம்மிதான் போகும். லோ வோல்ட்டேஜ்ல கரண்ட் ஜாஸ்தி இழுக்கும்னு சொல்றது மோட்டாருக்கு, பிரிட்ஜுக்கு, ஏசிக்கு. ஹீட்டர் காயிலுக்கு இல்ல. ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க.

காயிலும் சரி, ஓடும்போது 225, 230 வோல்ட்டும் வருது, ஆம்ப்ஸும் எட்டரைக்கு மேல இருக்கு, ஆனாலும் தண்ணி சரியா சுடலன்னா? வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் போர் தண்ணி ஓடற வீடுங்கள்ல இத பாத்திருக்கேன். காயில் மேல சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா உப்பு படிஞ்சு கெட்டி தட்டிப் போயிருக்கும். வாட்ஸ் கொறயல, சூடு தண்ணிக்கு சுலபமா போய் சேர வழி இல்ல, அதனால காயில் உள்ளயே வெந்து கொஞ்ச நாள்ல புட்டுக்கும். இதுக்கு மீட்டர்ல பதில் கிடைக்காது, கழட்டித்தான் பாக்கணும்.

"60 வாட்ஸ் குண்டு பல்பு, கணக்குல 880 ஓம் வரணும், மீட்டர் 65 காட்டுது"

மீட்டர தூக்கி போடாதீங்க. பல்பு உள்ள இருக்கறது டங்ஸ்டன் இழை, எரியும்போது ரெண்டாயிரம் டிகிரிக்கு மேல போகுது, சூடு ஏற ஏற அதோட ஓம் பத்து மடங்குக்கு மேல ஏறும். நீங்க அளந்தது ஆறிப்போன பல்ப. 880ங்கறது எரியற பல்போட ஓம், அத மீட்டர வச்சு அளக்க முடியாது, ஓடும்போது வோல்ட்டயும் ஆம்ப்ஸயும் எடுத்து வகுத்துத்தான் கண்டுபிடிக்கணும். பழைய பல்பு சுவிட்ச் போட்ட செகண்ட்லயே டப்புன்னு போறதுக்கும் இதான் காரணம், ஆறின இழைல அந்த ஒரு நொடி பத்து மடங்கு கரண்ட் பாயுது. கெய்சர், இஸ்திரி பெட்டில இருக்கற நிக்ரோம் கம்பிக்கு இந்த பிரச்சன கெடயாது, சூடானாலும் சில சதவீதம்தான் மாறும், அதனால அங்க ஆறினப்போ அளந்தாலும் கணக்கு ஒத்துவரும்.

எல்ஈடி பல்பு, செல்போன் சார்ஜர், டிவி இதெல்லாத்துலயும் ஓம் வச்சு பாக்கவே பாக்காதீங்க. உள்ள டயோடு, கெப்பாசிட்டர்னு சர்க்யூட் இருக்கு, மீட்டர் காட்டற நம்பருக்கு அர்த்தமே கெடயாது.

"பிளக் சுடுது, பாயின்ட் பழுப்பாயிடுச்சு, பிளாஸ்டிக் கருகற வாட வருது"

இதுக்கு மட்டும் நான் கொஞ்சம் நீட்டுவேன், ஏன்னா மத்ததெல்லாம் கணக்கு இடிக்கற பிரச்சன, இது வீடு எரியற பிரச்சன.

வியாசர்பாடில ஒரு பழைய வீடு, கெய்சர் பாயின்ட் மூணாவது தடவ மாத்தியாச்சு, மறுபடி உருகுது. ஓனர் என்ன நெனச்சாருன்னா கெய்சர் ஓவரா இழுக்குது, அத மாத்தணும்னு. நான் நாலு நம்பர் எடுத்தேன். கெய்சர் ஆஃப்ல மீட்டர் போர்டு கிட்ட 224 வோல்ட். கெய்சர் ஆன்ல அதே எடத்துல 222. கெய்சர் ஆன்ல பாத்ரூம் பாயின்ட்ல 212. ஆம்ப்ஸ் 8. இந்த நாலயும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, வேற எதுவும் வேணாம், கத தன்னால தெரியும். கெய்சர் ஓவரா இழுக்கல, 212ஐ 8ஆல வகுத்தா 26.5 ஓம், அது சரியான 2000 வாட்ஸ் காயில். வெளில லைன்ல போனது ரெண்டே வோல்ட். ஆனா வீட்டுக்குள்ள, போர்டுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல, பத்து வோல்ட் காணாம போயிருக்கு.

வயர்லதான் போகுதுன்னு சொல்லலாமான்னா, அதுக்கும் கணக்கு இருக்கு. இரண்டரை ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை, எட்டு ஓம். அங்க தூரம் 15 மீட்டர், போக வர 30 மீட்டர், அப்ப கால் ஓம், 8 ஆம்ப்ஸுக்கு ரெண்டு வோல்ட். மீதி எட்டு வோல்ட் ஏதோ ஒரு லூஸ் கான்டாக்ட்ல விழுது. எட்டு வோல்ட்தானேன்னு விட்டுடாதீங்க, 8 வோல்ட் இன்டு 8 ஆம்ப்ஸ் 64 வாட்ஸ். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்ல விக்கற சால்டரிங் அயன் 25 வாட்ஸ், அதுவே ஈயத்த தண்ணியா உருக்குது. அந்த மாதிரி ரெண்டரை சால்டரிங் அயன அந்த வீட்டு சுவத்துக்குள்ள சொருகி தெனமும் காலைல கால் மணி நேரம் எரிய விட்டுட்டிருந்தாங்க.

மெயின ஆஃப் பண்ணிட்டு சுவிட்ச் பாக்ஸ கழட்டுனேன். நியூட்ரல் வயர் ஸ்க்ரூ ஒரு முழு சுத்து லூசு, வயர் நுனி அரை இன்ச்சுக்கு கருப்பா, மேல இருக்கற பிவிசி வெல்லப் பாகு மாதிரி எளகி மறுபடி இறுகிப் போயிருந்துச்சு. புது பாயின்ட் மாட்டுன மூணு பேரும் அந்த கருகுன நுனிய வெட்டாம அப்படியே புது ஸ்க்ரூல சொருகிருக்காங்க, கருகுன காப்பர் சரியா கடத்தாது, மறுபடி சூடு, மறுபடி லூசு. நல்ல காப்பர் தெரியற வரைக்கும் வெட்டி, சீவி, இறுக்கி மாட்டுனதும் பாத்ரூம்ல 212 இருந்தது 220 ஆச்சு. செலவு ஒரு 16 ஆம்ப்ஸ் பாயின்ட்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே கணக்குதான். முக்கால் ஸ்கொயர் எம்எம் வயர் கிலோமீட்டருக்கு 26 ஓம். 20 மீட்டர் நீள பாக்ஸ்னா போக வர ஒரு ஓம் தாண்டுது. அதுல இன்டக்ஷன் ஸ்டவ் சொருகி 8 ஆம்ப்ஸ் இழுத்தா எட்டு எட்டு அறுபத்தி நாலு, அத அந்த ஒரு ஓம் சொச்சத்தால பெருக்குனா 66 வாட்ஸ் கிட்ட வயர்ல மட்டும். நீட்டி போட்டிருந்தா வயர் வெதுவெதுன்னு இருக்கும், அதோட போகும். நாம என்ன பண்றோம், வயர் காலுல மாட்டுதுன்னு அழகா சுருட்டி கட்டில் அடில வச்சுடறோம். சூடு வெளிய போக எடமில்ல, உள்சுத்து உருகும்.

"மீட்டர்ல '1'ன்னு மட்டும் நிக்குது" அல்லது "வச்சேன், டமார்னு சத்தம்"

மஞ்சள் கலர் சின்ன மீட்டர்ல எடது பக்கம் ஒத்த '1' வந்தா அது ஒரு ஓம் இல்ல. ரேஞ்ச தாண்டிடுச்சு, இல்ல சர்க்யூட்டே கட்டு. ரேஞ்ச ஒவ்வொண்ணா ஏத்தி பாருங்க, கடைசி ரேஞ்ச்லயும் '1'ன்னா காயில் புட்டுக்கிச்சு. ஒரு தம்பி இத ஒரு ஓம்னு எடுத்துக்கிட்டு 230 ஆம்ப்ஸ், 52,900 வாட்ஸ்னு கணக்கு போட்டு காமிச்சான், இஸ்திரி பெட்டிக்கு! விடைய பாத்து சிரிப்பு வரலன்னா அங்கயே நின்னு யோசிக்கணும், வீட்டு பாயின்ட்ல ஓடற எதுவும் 16 ஆம்ப்ஸ, அதாவது 3680 வாட்ஸ தாண்டாது.

டமார் கேஸ் வேற. ஆம்ப்ஸ் பாக்க செவப்பு வயர 10 ஆம்ப்ஸ் ஓட்டைக்கு மாத்திருப்பீங்க, அத மறந்துட்டு அடுத்து பிளக் பாயின்ட்ல வோல்ட் பாக்க வைப்பீங்க. அந்த ஓட்டைக்குள்ள இருக்கறது வெறும் தடி கம்பி மாதிரி, ஓமே இல்ல. வெல கம்மி மீட்டர்ல அதுக்கு பியூஸ் கூட கெடயாது. நேர் ஷார்ட். நானும் ஒரு தடவ பண்ணிருக்கேன், புரோப் நுனி பாதி ஆவியாப் போச்சு, எம்சிபி (கரண்ட் ஓவரானா தானா கட் பண்ற சுவிட்ச்) விழுந்ததால கை தப்பிச்சது. அதுலேர்ந்து 230 வோல்ட்ல ஆம்ப்ஸ் பாக்கணும்னா கிளாம்ப் மீட்டர், அதாவது வயர வெளிலேர்ந்து கவ்வி ஆம்ப்ஸ் காட்டற மீட்டர், அது மட்டும்தான்.

"கிளாம்ப் மீட்டர் மாட்டினேன், பொருள் ஓடுது, ஆனா ஜீரோ ஆம்ப்ஸ்"

ரெண்டு வயரயும் சேத்து கவ்விருக்கீங்க. போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். ஒத்த வயர மட்டும் கவ்வணும். பிளக் வயர வெட்டாதீங்க, ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர்ல மேல் உறைய மட்டும் ஒரு சாண் அளவு கீறி உள் வயருங்கள பிரிச்சு வச்சுக்கிட்டா எல்லாத்துக்கும் அத போட்டு பாக்கலாம். ரொம்ப சின்ன கரண்ட்னா அந்த ஒத்த வயர கிளாம்புக்குள்ள பத்து சுத்து சுத்தி, வர்ற நம்பர பத்தால வகுங்க.

"மோட்டார் காயில் 4 ஓம் காட்டுது, அப்ப 57 ஆம்ப்ஸ் இழுக்கணுமே?"

இழுக்காது. சம்ப் மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், பேன் எதுக்கும் இந்த ஓம் கணக்கு அப்படியே செல்லாது. மோட்டார் சுத்தும்போது உள்ளயே ஒரு எதிர் வோல்ட்டேஜ் கெளம்பும், காயிலுக்குன்னு ஏசில ஒரு தனி தடையும் உண்டு, மீட்டர்ல இருக்கற பேட்டரிக்கு அது ரெண்டும் தெரியாது. ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது கிளாம்ப்ல ஆறு, ஆறரை ஆம்ப்ஸ் இருக்கும். அதயும் நேரா 230ஆல பெருக்கி 1500 வாட்ஸ்னு சொல்லிடாதீங்க, பவர் ஃபேக்டர்னு ஒண்ணு இருக்கு (வோல்ட், ஆம்ப்ஸ் பெருக்குனதுல எவ்ளோ பங்கு உண்மையான வாட்ஸுன்னு சொல்றது), அது 0.75னா உண்மையா போற வாட்ஸ் 1100 சொச்சம். அதுல தண்ணி தூக்க கிடைக்கறது 746, மீதி சூடு.

ஆனா மோட்டார் சுத்தாம உர்ருன்னு நின்னா எதிர் வோல்ட்டேஜ் போச்சு, கரண்ட் பல மடங்கு ஏறும். உடனே ஆஃப். கையால தள்ளி விட்டு பாக்கற வேலையெல்லாம் வேணாம். வழக்கமா கெப்பாசிட்டர்தான் போயிருக்கும், இல்லன்னா ரொம்ப நாள் ஓட்டாம பேரிங் இறுகிருக்கும்.

"அமெரிக்காலேர்ந்து அண்ணன் கொண்டு வந்த இஸ்திரி பெட்டி, சொருகுனதும் பொக"

பெட்டில 120 வோல்ட், 1200 வாட்ஸ்னு இருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க, 1200தானே நம்ம வீட்டுதும் அதான்னு சொருகிடுவாங்க. ஓம எப்பவும் அந்த பெட்டில எழுதிருக்கற வோல்ட்ட வச்சுதான் எடுக்கணும், நம்ம ஊர் 230ஐ வச்சு இல்ல. 120ஐ 120ஆல பெருக்கி 1200ஆல வகுத்தா 12 ஓம். அதுல 230 குடுத்தா 19 ஆம்ப்ஸ், 4400 வாட்ஸ். 1200 வாட்ஸுக்கு செஞ்ச பெட்டி அத எவ்ளோ நேரம் தாங்கும், பட்டுப் பொடவ மேல வைக்கறதுக்கு முன்னாடியே போச்சுன்னா சந்தோஷப்படுங்க.

"கொலு படிக்கு எல்ஈடி கட்டினேன், ரெசிஸ்டர் போட்டும் எல்ஈடி போயிடுச்சு"

மில்லிய மறந்துட்டீங்க. 12 வோல்ட் அடாப்டர், எல்ஈடிக்கு 3 வோல்ட், மீதி 9 வோல்ட் ரெசிஸ்டர்ல விழணும், ஓட வேண்டியது 20 மில்லி ஆம்ப்ஸ் (மில்லின்னா ஆயிரத்துல ஒரு பங்கு). 9ஐ 20ஆல வகுத்து 0.45 ஓம்னு எடுத்தா எல்ஈடி கண்ண மூடறதுக்குள்ள போயிரும். 9ஐ 0.02ஆல வகுக்கணும், 450 ஓம், கடைல கேட்டா 470 குடுப்பாங்க, மஞ்சள், ஊதா, பழுப்பு கோடு. இது வாட்ஸயும் பாக்க வேண்டிய எடம்: 9 இன்டு 0.02, 0.18 வாட்ஸ். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனா தெர்மாகோல் படி மேல படுத்துக்கிட்டு ஒம்பது ராத்திரி எரியணும்னா நல்லா சுடும். அரை வாட் வாங்குங்க, காசு பெருசா ஏறாது.

"எம்சிபி விழல, ஆனா ஆர்சிசிபி விழுந்துக்கிட்டே இருக்கு"

எம்சிபி விழுந்தா ஓவர் லோடு இல்ல ஷார்ட், ஆம்ப்ஸ கூட்டிப் பாருங்க, கெய்சர் 8.7, இஸ்திரி 4.3, ரெண்டும் ஒரே 10 ஆம்ப்ஸ் எம்சிபில இருந்தா விழத்தான் செய்யும். ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா லைன கட் பண்ற சுவிட்ச், அதோட கத வேற. போன கரண்ட் முழுசா திரும்பி வரல, எங்கயோ எர்த்துக்கு கசியுதுன்னு அர்த்தம். வீட்டுல போடறது 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, 230ஐ 0.03ஆல வகுத்தா 7,600 ஓம் சொச்சம். அதாவது காயிலுக்கும் பாடிக்கும் நடுவுல ஓம் அந்த அளவுக்கு எறங்கினாலே விழுந்துரும், உண்மையில பல ஆர்சிசிபி 30 வரைக்கும் காத்திருக்காம 20 கிட்டயே விழும். பிளக்க புடுங்கிட்டு ஒரு சின்ன பின்னுக்கும் பெரிய எர்த் பின்னுக்கும் நடுவுல மீட்டர பெரிய ரேஞ்ச்ல வச்சு பாருங்க, '1' நின்னா நல்லது, ஆயிரக்கணக்குல ஓம் காட்டுனா காயில்ல தண்ணி எறங்கியாச்சு. '1' காட்டியும் விழுதுன்னா மீட்டர நம்பாதீங்க, அது தள்ளறது பேட்டரியோட சில வோல்ட், 230 வந்தாதான் கசியற எடம் கசியும். மெக்கர் (பெரிய வோல்ட் குடுத்து கசிவு பாக்கற மீட்டர்) வச்சிருக்கற எலக்ட்ரீஷியன கூப்பிட்டு 500 வோல்ட்ல பாக்க சொல்லுங்க, அதுவரைக்கும் அந்த கெய்சர் பிளக் வெளியவே கெடக்கட்டும். தப்பித்தவறி ஆர்சிசிபிய பைபாஸ் பண்ணி குளிக்கப் போயிடாதீங்க.